நாற்பது சதவீதம்

சொஹார் துறைமுகச் சாலை, பதினோராம் எண் கிடங்கு.
கூரைத்தளத்துக்கு முந்நூற்றுப் பத்து கன மீட்டர் கான்கிரீட்.
பகலில் ஊற்ற முடியாது,
லாரி வயிற்றுக்குள்ளேயே கல்லாகிவிடும்.
இரவு பத்துக்குத் தொடங்க வேண்டும்.

வானிலை நிலையத்துக்கு நானே போன் போட்டேன்.
ரய்யா அல் மாமரி. பொய் சொல்லத் தெரியாத பெண்.
பெய்யுமா, பெய்யாதா?
"நாற்பது சதவீதம், பிரதர்."

இன்றைய காற்றையும் ஈரத்தையும்
ஐம்பது முறை ஓட்டிப் பார்ப்பார்களாம்,
ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் மயிரிழை மாற்றி.
முன்பெல்லாம் ஐம்பது நாளைகளும்
ஏறக்குறைய ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும்.
இப்போது கடலே முப்பத்துநான்கு டிகிரி.
இருபது நாளைகளில் வாதிக்குள் கார் மிதக்கிறது,
முப்பதில் நிலா காய்கிறது.

எனக்கு இருப்பது ஒரு நாளைதான், என்றேன்.
சிரித்துவிட்டாள். உடனே சாரி சொன்னாள்.

பிப்ரவரியில் அறுபது என்றார்கள். நிறுத்தினோம்.
சொட்டு விழவில்லை.
அந்த இரவின் நஷ்டத்தை முதலாளி
ரியாலுக்கு மூன்று தசமம் வரை எழுதிக் காட்டினார்.
மார்ச்சில் பத்து என்றார்கள். ஊற்றினோம்.
காலையில் தளத்தைச் சுரண்டி எடுத்தோம்.
பத்து என்றால் பூஜ்யம் இல்லை,
எனக்குப் புரிகிறது.
முதலாளியின் எக்ஸெலுக்குப் புரியவில்லை.

கிடங்குக்குப் பின்னால் ஒரு மதகு,
நூறாண்டு வெள்ளத்துக்கென்று கணக்கிட்டுக் கட்டியது.
மூன்றே வருடத்தில்
இரண்டு நூற்றாண்டுகளைப் பார்த்துவிட்டது.

ஒன்பது நாற்பது. குல் ஜமான் கேட்கிறான்:
"பம்ப்பை விரிக்கவா, மடக்கவா?"
நாற்பது சதவீதம் மட்டும் விரிக்க
அந்த இயந்திரத்தில் பொத்தான் இல்லை.

விரி, என்றேன்.

இரண்டேகாலுக்கு மின்னியது.
எட்டுப் பேர் பாலித்தீனை விரித்து
ஈரத் தளத்தின் மேல் தூக்கிப் பிடித்தார்கள்.
திருமேனி ஒரு மூலை, நரபகதூர் ஒரு மூலை.
சாலைக்கு அந்தப் பக்கம்
லாரி நிறுத்தத்தில் ஏழு நிமிடம் கொட்டியது.
எங்கள் பக்கம் மண்வாசனை மட்டும் வந்தது.
பிடித்த கையை யாரும் இறக்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

விடிந்ததும் ரய்யா கேட்டாள்,
"பெய்ததா? பதிவுக்கு வேண்டும்."
எந்தப் பக்கத்துக்கு என்று கேட்டேன்.

எட்டு மணிக்கு வந்த இன்ஸ்பெக்டர்
தளத்தில் குனிந்து விரலால் தடவினார்.
அம்மைத் தழும்புபோல் சின்னச் சின்னக் குழிகள்,
ஓரங்களில் மட்டும்.
"மழையா?"

பாலித்தீனின் அடியில் வேர்த்ததாக இருக்கலாம்.
பிடித்தவர்களுக்கு வேர்த்ததாகவும் இருக்கலாம்.
படிவத்தில் வெயில், மேகம், மழை என மூன்று கட்டம்.
பேனாவை மூடி
சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.