வாரத்துக்கு ஒருதரம்

சாவியைக் கையில் திணித்துவிட்டு உமையாள் சொன்னது இவ்வளவுதான்:
"வாரத்துக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி வை, சகாயம்.
இல்லேன்னா பேட்டரி செத்துரும்."
காரைக்குடி ஜங்ஷனில் ராத்திரி வண்டி.
இருபத்துமூன்று கிலோ பெட்டியில்
ஊறுகாய் மட்டும் நாலு கிலோ.
"அந்தக் காலத்துல எங்க வீட்டாளுக கொண்டுவிக்கப் போனாக,
நான் கொண்டுபடிக்கப் போறேன்" என்று
ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து சிரித்தாள்.

இடம் ஒன்றுதான் இருந்தது.
அவளுக்கு எட்டுப் புள்ளி நாலு ஒன்று.
எனக்கு எட்டுப் புள்ளி மூன்று எட்டு.
மெஸ்ஸில் தட்டுக் கழுவும்போதெல்லாம்
அந்த வித்தியாசத்தை விரல்விட்டுப் பார்ப்பேன்.
மூன்று விரல்.

முதல் வாரம் சொன்னபடி செய்தேன்.
விடுதி ஷெட்டில் ஸ்டாண்டு போட்டபடியே
ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைத்தேன்.
பின்சக்கரம் காற்றில் சுற்றியது.
மீட்டரில் 11,206.

அடுத்த வாரம் பெட்ரோல் பங்க் வரை.
அதற்கடுத்தது கழனிவாசல்.
தார்த்து என்ற ஊரிலிருந்து படம் வந்தது:
ஆற்றுப்பாலம், சாம்பல் வானம்,
வேறு யாருடையதோ போலப் பெரிய கோட்டுக்குள் அவள்.
"எஸ்தோனியா எங்கடி இருக்கு?" என்றாள் அம்மா போனில்.
"குன்றக்குடி தாண்டி" என்று வெட்டினேன்.
அன்று சாயங்காலமே குன்றக்குடி தாண்டிப் போனேன்.

ஆயுதபூஜைக்கு வண்டியை விட்டுவிடாதே என்று செய்தி.
எங்கள் வீட்டில் வேளாங்கண்ணி ஸ்டிக்கரோடு சரி.
மெக்கானிக் அபுதாகிர்தான் சொல்லித் தந்தார்:
முன்னால ஒரு எலுமிச்சம்பழம், பின்னால ஒண்ணு,
நேரா ஏத்தணும்மா, ஒதுங்கப்படாது.
எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
ஏற்றினேன். ஒன்றுதான் நசுங்கியது,
மற்றது உருண்டு சாக்கடைக்குப் போனது.
பொட்டு வைத்த ஸ்கூட்டரை
அவள் கட்டிலுக்கு மேலே ஒட்டிக்கொண்டாளாம்.
இதற்குக் கல்யாணமா என்று கேட்டாளாம்
பக்கத்து அறை லித்துவேனியாக்காரி.

ஐப்பசி மழையில் பள்ளத்தூர், கானாடுகாத்தான்.
கொண்டுவிக்கப் போனவர்கள் கட்டிய வீடுகள்.
மழைக்கு ஒரு வாசலில் ஒதுங்கி நின்றபோது யோசித்தேன்:
கப்பலில் இடம் கிடைக்காதவன்
அன்று ராத்திரி என்ன சாப்பிட்டிருப்பான்?

டிசம்பரில் ஒரு நாள் கூப்பிட்டாள்.
இங்கே ஏழு மணி, அங்கே மூன்றரை,
இரண்டு பக்கமும் இருட்டு.
சாப்பிட்டியா என்றேன். பதில் இல்லை.
ஏதோ ஹீட்டர் ஓடும் சத்தம் மட்டும்.
அப்புறம் சொன்னாள்:
"லேப்ல எல்லாரும் என் பேரை 'உமா'வோட நிறுத்திர்றாங்க.
'யாள்' எங்கயோ விழுந்துருச்சு, சகாயம்."
உமையாள் என்றேன்.
உமையாள்.
இன்னொருதரம் என்றாள்.
உமையாள்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு,
"பேட்டரி எப்படி இருக்கு?"
"உயிரோட இருக்கு."

தொண்டி போனதை மட்டும் சொல்லவில்லை.
பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை,
தேவகோட்டை தாண்டியதும் திரும்பத் தோன்றவில்லை.
அலையில்லாத கடல் அது.
சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு நடக்க நடக்க
முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவே இல்லை.
நின்று திரும்பினேன்.
கரையில் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது,
குங்குமம் இன்னும் அழியாமல்.
அந்தப் பக்கத்திலிருந்து கரையை நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரியில் வந்து இறங்கினாள்,
ஒரு சுற்று இளைத்து, உதடு வெடித்து.
ஸ்டேஷன் வாசலில் பெட்டியை விட்டுவிட்டு
முதலில் மீட்டரைக் குனிந்து பார்த்தாள்.
11,918.
"வாரத்துக்கு ஒருதரம்னு சொன்னேன்."
"ஆமா. வாரத்துக்கு ஒருதரம்தான்."
"எங்கடி போன?"
"நீ எங்க போன?"
கால்வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பைத் தூக்கினாள்.
மணல்.
விரலில் ஒற்றி நாக்கில் வைத்தாள்.
நான் சாவியை நீட்டினேன்.
"நீயே ஓட்டு" என்று
பின்னால் ஏறிக்கொண்டாள்.