பல்லு வீடு

பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் சந்து.
மேம்பாலத்துக்காக எடுக்கிற பதினான்கு கட்டடங்களில்
இது ஒன்பதாவது.
பத்திரத்தில் பெயர் எல்ஸி காட்டேஜ்.
அந்தப் பெயரைச் சொன்னால்
டீக்கடையில் ஒருவரும் நிமிரவில்லை.
கையால் கூரையைக் காட்டி, பல்லைக் காட்டினேன்.
"பல்லு வூடா மேடம்? நேரா போங்க."

கூரை விளிம்பெங்கும் மரப்பற்கள்.
ராயபுரம் பக்கம் பழைய நடைமேடைகளில்
மழை சொட்டி இறங்கவென்று
இப்படித்தான் வரிசையாக வெட்டித் தொங்கவிடுவார்கள்.
அங்கே வெட்டியது இயந்திரம்.
இங்கே ஓர் ஆள்,
கேரேஜ் ஒர்க்ஸ் ஃபிட்டர் ஹொரேஸ் பெய்வா,
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு,
இரவு ஷிஃப்ட் போக மிச்ச நேரத்தில்.

ஏணி போட்டு எண்ணினேன். நூற்றுப் பதினேழு.
வாசல் பக்கம் முதல் பத்தும் கோணல்.
பிறகு கை பழகியிருக்கிறது.
கிழக்கு மூலையில் ஒவ்வொன்றும்
வெற்றிலை நுனி மாதிரி.
சமையல்கட்டுப் பக்கம் வந்ததும் மறுபடி அவசரம்,
குழந்தை பிறந்திருக்கும், அல்லது
மேஸ்திரி கணக்குக் கேட்டிருப்பான்.
முகப்பு முக்கோணத்தில் அரைச் சூரியன்,
கதிர் ஏழு.
எட்டாவதை டிஷ் ஆண்டெனா மறைக்கிறது.

என் படிவத்தில்
நீளம் உண்டு, அகலம் உண்டு, சுவரின் கனம் உண்டு.
வயதைத் தேய்மான அட்டவணையில் போட்டுப் பார்த்தால்
இந்த வீடு இல்லாமல் போய்
அறுபது வருடம் ஆகிறது.
இல்லாத வீட்டுக்குள்ளே ஐந்து குடித்தனம்,
ஐந்து மீட்டர்,
இரண்டாவது போர்ஷனில் குக்கர்
மூன்றாவது விசில் அடித்தது.

தண்ணீர் இறங்கி இற்றுப்போன பலகை ஒன்று
தொட்டதும் கையோடு வந்தது.
பின்பக்கம் திருப்பினேன்.
மங்கின சிவப்பில்
மஞ்சளாய் மூன்று கோடுகள்.
பிள்ளைகள் வரைந்த ஸ்டம்ப் என்று நினைத்து
துடைத்தேன்.
துடைக்கத் துடைக்க மேலும் கீழும்
குறுக்குக் கட்டை தெரிந்தது.
மூன்றாம் வகுப்பு.
தேக்கு, ரயில் தேக்கு,
யாருடைய பெட்டிச் சுவரோ.
சுவரைப் பார்த்த பக்கம் வகுப்பு,
தெருவைப் பார்த்த பக்கம் பல்.

கீழே ஏணியைப் பிடித்திருந்த சகாயராணி கேட்டாள்:
"திருட்டு மரமா மேடம்?
அதுக்குக் காசு குறைப்பாங்களா?"
குறைக்க மாட்டார்கள் என்றேன்.
கூட்டவும் மாட்டார்கள்.
வாடகைக்கு இருப்பவளுக்கு
எப்படியும் ஒன்றுமில்லை,
அதையும் சொன்னேன், ஏணி மேலிருந்தே.
முகம் பார்த்துச் சொல்ல அது வசதி.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
காசிமேட்டில் கூடை தூக்கிய தோள்,
ஏணியை விடவுமில்லை.
பிறகு, "அந்தப் பலகை மட்டும் குடுங்க.
போற எடத்துல சிங்க்குக்கு மேல
தட்டு போட்டுக்கிறேன்."

சந்தில் யாருமில்லை,
ஒரு தண்ணீர் லாரியும் அதன் பின்னால் நாயும் தவிர.
பலகையில் நான்கு பற்கள்.
முந்தானையில் சுற்றி
உள்ளே கொண்டு போனாள்.

பற்களுக்குப் படிவத்தில் கட்டமில்லை.
குறிப்பு என்ற இடத்தில், பென்சிலை விட்டு
பேனாவால் எழுதினேன்:
கூரை விளிம்பில் மர வேலைப்பாடு,
நூற்றுப் பதின்மூன்று.