நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை.
பக்கம் ஒண்ணரை ரூபாய்.
பட்டா, வில்லங்கம், இறப்புச் சான்று,
நான் எதையும் வாசிப்பதில்லை.
தாள் நேராக விழுகிறதா, தலைகீழா,
என் கண்ணுக்கு அதுபோதும்.

அன்றைக்கு ஒரு பெண் வந்து
ஏதோ நாவலில் ஒரே ஒரு பக்கம் நகல் கேட்டார்.
முதலில் எடுத்தது ஓரம் கறுத்துவிட்டது.
இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன்.
கறுத்ததைக் கூடையில் போடுமுன்
டோனர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்,
அவ்வளவுதான் நான் செய்தது.

நாலு மைல் வெயிலில் நடந்து வருகிறாள் ஒருத்தி.
ஊரில் யாரும் அவளோடு பேசுவதில்லை.
நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
கடைசி வரி,
'படலைத் தள்ளியபோது வாசலில்'

வாசலில்?

பக்கத் தலைப்பில் 112 என்ற எண் மட்டும்.
நாவலின் பேர் இல்லை. அந்தப் பெண்ணும் திரும்ப வரவில்லை.

தமுக்கத்தில் புத்தகத் திருவிழா.
நாலாய் மடித்த தாளைக் கடை கடையாய் நீட்டினேன்.
"பேரும் தெரியாது, எழுதுனவுகளும் தெரியாதுன்னா
மாட்டுத்தாவணியில நின்னுக்கிட்டு
அந்த பஸ்ஸு எங்கன்னு கேக்குற மாதிரியில்ல இருக்கு."
சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மறு வருஷம்
கழிப்பறைக்குப் போகிற வழியில் கடைசிக் கடை.
பில் போடுகிற பையன் இரண்டு தரம் படித்தான்.
"ஒடியாவுலருந்து வந்ததுக்கா. யாரும் கேக்க மாட்டாக"
என்று மேசைக்கு அடியில் குனிந்தான்.
நின்ற இடத்திலேயே நூற்றுப் பதின்மூன்றைத் திறந்தேன்.
பின்னால் இருந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

ஒடிசாவில் எனக்கு ஒருவரையும் தெரியாது.
இப்போது ஒரு தெருவில்
எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது வரை தெரியும்.

இதை யாரிடம் சொல்ல?
நல்ல நாவல், படிங்க என்றால்
சில்லறையை எண்ணிக்கொண்டே தலையாட்டுவார்கள்.
அதனால் ஒரு பக்கம் கூடுதலாய்ப் போட ஆரம்பித்தேன்.
ஆதார் நகலுக்கு அடியில், ஜாமீன் மனுவுக்கு நடுவில்
நூற்றுப் பன்னிரண்டு.
"பேப்பர் கணக்கு இடிக்குதே" என்றார் ஜமால்தீன் அண்ணன்.
என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.
பாதிப் பேர் அதில் வடை எண்ணெய் ஒற்றியிருப்பார்கள்.

ஒரு நாள் குமாஸ்தா ஞானப்பழம் மூச்சிரைக்க வந்தார்.
"என்னம்மா பண்ணி வச்சிருக்க?
பாகப்பிரிவினைக் கேஸுல நாவல் ஃபைலாகியிருக்கு!"
செக்கானூரணிப் பக்கம் ஒன்றே முக்கால் ஏக்கர்,
கிணற்றில் சரிபாதி.
வாதி அண்ணன் தவசி, பிரதிவாதி தம்பி பேக்காமன்.
பிரதிவாதிக்கும் ஒரு பிரதி
முறைப்படி போய்ச் சேர்ந்திருக்கிறது.

வாய்தா அன்று பேக்காமன் வந்தார்.
வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு,
ஜெராக்ஸ் கடையில் யார் செருப்பைக் கழற்றுவார்கள்,
"நூத்திப் பதிமூணு இருக்காம்மா?"
தனிப் பக்கம் தர மாட்டேன் என்றேன்.
பையிலிருந்து முழுப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தேன்.
துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

சாயந்திரம் தவசி வந்தார்.
கையில் அதே தாள், அதே ஓரக் கறுப்பு.

"ஒண்ணுதான் இருந்துச்சு. ஒங்க தம்பிட்ட இருக்கு.
கேட்டு வாங்கிக்கிடுங்க."

"நாங்க பேசி ஆறு வருசம் ஆச்சு."

"புத்தகம் கேக்குறது பேச்சுல சேராதுங்க."

மிஷின் சூட்டில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.
ஒண்ணரை ரூபாயை மேசையில் வைத்துவிட்டு,
எதற்கென்று சொல்லாமல்,
செக்கானூரணி பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.

கேஸ் புரட்டாசிக்குத் தள்ளிப்போயிருக்கிறது.
புத்தகம் இன்னும் திரும்பவில்லை.
நான் இப்போது கொங்கணியிலிருந்து வந்த ஒன்றில்
நாற்பத்தோராம் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன்.
அதுவும் பாதியில்தான் நிற்கிறது.