எண் பன்னிரண்டு

இரவு 2:07. ரெஜைனாவில் மைனஸ் முப்பத்து நான்கு.
ஆல்பர்ட் தெருவில் குடிநீர்க் குழாய் வெடித்து
இரும்பாய் இறுகிய மண்ணைத் தோண்ட வந்த பொக்லைன்
போகிற போக்கில்
எங்கள் கண்ணாடி இழையையும் அறுத்துவிட்டுப் போனது.

மௌனம் சம்மதம் என்பதெல்லாம் கல்யாணப் பேச்சுக்கு.
சர்வருக்கு மௌனம் என்றால் சாவு.
நொடிக்கொரு தரம் ‘இருக்கிறாயா’ என்று கேட்கும்.
பத்துத் தரம் பதில் வராவிட்டால்
துக்கம் கிடையாது, தீட்டுக் கிடையாது,
மற்றது செத்தது, இனி நானே தலை
என்று எழுதிக்கொண்டு வேலையைத் தொடரும்.

ரெஜைனா அப்படி எழுதிக்கொண்டது.
சாஸ்கட்டூனும்.

குகதாசனைக் கைபேசியில் பிடித்தேன்.
“உங்கட பக்கம்தான் செத்துக் கிடக்கு” என்றார்.
“இல்லைங்க, உங்க பக்கம்” என்றேன்.
இரண்டு பிணங்களாக நின்று
கொஞ்ச நேரம் மரியாதையாக வாதாடினோம்.

மூன்றாவதாக ஒரு சாட்சி சர்வர் வேண்டும் என்று
ஆகஸ்டில் நான் அனுப்பிய விலைப்பட்டியல்
‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்ற ஒற்றை வரியோடு
இன்பாக்ஸில் இன்னும் இருக்கிறது.

எங்கள் தொழில், வழியில் நின்றுபோன வண்டிகளை இழுப்பது.
பதினொன்றாம் நெடுஞ்சாலையின் நடுவில், டேவிட்சனில்,
ஒரே ஓர் இழுவை லாரி. எண் பன்னிரண்டு.
2:11க்கு ரெஜைனா அதைத் தெற்கே அனுப்பியது:
க்ரெய்க் அருகே, வெள்ளை கரோலா, பேட்டரி போச்சு.
2:12க்கு சாஸ்கட்டூன் வடக்கே அனுப்பியது:
கெனஸ்டன் அருகே, வேன், பள்ளத்தில்.
இங்கேயும் பச்சை விளக்கு, அங்கேயும் பச்சை விளக்கு.
இருவருக்குமே குறுஞ்செய்தி போனது:
லாரி புறப்பட்டுவிட்டது.

ஓரெஸ்ட் பாவ்லிக் திரையைப் பார்த்தார்.
என்னை அழைக்கவில்லை, குகதாசனையும் அழைக்கவில்லை.
அந்த இரண்டு எண்களுக்கும் தானே அழைத்து
ஒன்றே ஒன்று கேட்டார்:
ஹீட்டர் ஓடுகிறதா?

வேனில் ஓடியது, அரை டேங்க் பெட்ரோலோடு.
“புகைக்குழாயைப் பனி மூடாமல்
அடிக்கடி இறங்கித் தள்ளிவிடு” என்று சொல்லிவிட்டு
தெற்கே திருப்பினார்.

4:40க்கு இழையை ஒட்டினார்கள்.
சேர்ந்ததும் இரண்டு தலைகளும் தத்தம் கணக்கை நீட்டின.
ஒரே லாரி, ஏறக்குறைய ஒரே நேரம்,
அறுபது கிலோமீட்டர் இடைவெளி.
விதி தயாராக இருந்தது: கடைசியில் எழுதியது வெல்லும்.
விதிப்படி லாரி வடக்கே போனது.
விதிப்படி, கரோலாவில்
உறைந்த விரல்களை அக்குளில் செருகி உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு
யாரும் வரவில்லை.

விதியை நிறுத்தி
வரி வரியாகக் கையால் இணைத்தேன்.
வேனை ஓரெஸ்ட் எட்டியபோது மணி 5:05.
அந்த வரியை அழிக்க மனம் வரவில்லை.
‘புறப்பட்டது’ பொய். ‘ரத்து’ அதைவிடப் பெரிய பொய்.
நிலை என்ற கட்டத்தில்
‘காத்திருந்தார்’ என்று அடித்தேன்.
அனுமதித்த சொற்களில் அது இல்லை என்றது திரை.
காவலைத் தளர்த்திவிட்டுச் சேர்த்தேன்.

ஒன்பது மணிக்கு
மாதாந்திர அறிக்கை நிரல்
அந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தது.