கணக்குத் தலைப்பு

மார்ச் இருபத்தொன்பது, சாயங்காலம் நாலே முக்கால்.
வேலூரிலிருந்து பணம் வந்துவிட்டது.
முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால்
வந்த வழியே திரும்பிப் போகும்.
நடுவில் ஒரு ஞாயிறு வேறு.

நிபந்தனையற்ற நிதி என்று அதற்குப் பெயர்.
கூடவே ஏழு பக்கம் நிபந்தனைகள்.
வெள்ளையடிக்கலாம். பெயர்ப்பலகை எழுதலாம்.
சன்னலுக்குத் திரைச்சீலை தைக்கலாம்.
பேட்டரி வாங்கலாமா என்று விரல் வைத்துத் தேடினேன்.
மின்சாதனங்கள் வேறு தலைப்பு.
அந்தத் தலைப்பில் இந்த வருஷம்
ஒதுக்கீடு சைபர்.

போன மாதம் பீஞ்சமந்தையிலிருந்து
டோலி கட்டி, பாதி வழி ஜீப்பில் போட்டு,
மாதம்மாவைக் கொண்டுவந்தார்கள்.
அடுக்கம்பாறைக்கு அனுப்ப நேரமில்லை.
மழை பிடித்ததும் கரண்ட் போயிற்று.
இன்வெர்ட்டர் மூன்று நிமிஷம் ஓடி
முட்டையிட்ட கோழிபோல் கத்திவிட்டு அணைந்தது.
நர்ஸ் தேவகிருபை என் செல்போனைப் பிடுங்கி
வாயில் கவ்விக்கொண்டு
இரண்டு கையாலும் பிள்ளையை வாங்கினார்.
நடுவில் ஒரு அழைப்பு.
சாப்பிட வருவேனா என்று கேட்க என் மனைவி.
அதிர்ந்த வெளிச்சத்தில்
தலை, பிறகு ஒரு தோள்.
பெண் பிள்ளை. இரண்டு கிலோ நூறு.
போன் உறையில் பல் தடம் இன்னும் இருக்கிறது.

டாக்டர் நூருன்னிசா அந்த ஏழு பக்கத்தைப் படிக்கவில்லை.
"இன்னா பண்ணுவியோ தெரியாது,
எனக்கு லைட்டு வேணும்பா" என்றார்.

பண்ணினேன்.
வெள்ளை டிஸ்டெம்பர், இருபது கிலோ வாளி, ஏழு.
ஆள் கூலி, நாலு பேர், மூன்று நாள்.
பள்ளிகொண்டா கடைக்காரர் பில் போட்டார்,
பேட்டரிக் கடைக்கு அவரே பணம் கொடுத்தார்.
பெயிண்டர் இருசப்பன் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு
காப்பிக்குக்கூடக் காசு வாங்கவில்லை.
"அடிக்காத சுவுத்துக்குக் கூலி வாங்குனா
கை வெளங்காது சார்."
ஆனாலும் மனசு கேட்காமல்
யார் வீட்டிலோ மிஞ்சியதைக் கொண்டுவந்து
கேட்டிலிருந்து பார்த்தால் தெரியும் சுவருக்கு மட்டும்
ஒரு கோட்டு அடித்துவிட்டுப் போனார்.

ஜூலையில் தணிக்கை.
சின்ன வயதுக்காரர், சட்டைப் பையில் இரண்டு பேனா,
குரலை உயர்த்தவே இல்லை.
பின்பக்கம் போய் நகத்தால் சுரண்டினார்.
பழைய மஞ்சள்.
"ஏழு வாளி எங்கே?"

மறைக்கத் தெம்பில்லை எனக்கு.
மெயின் சுவிட்சை இறக்கினேன்.
ஊசி போடும் அறை இருண்டது, என் மேஜை இருண்டது,
பிரசவ அறை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.
விஷமுறிவு மருந்து இருக்கும் பெட்டி
தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.
வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.
"நல்லாத்தான் இருக்கு" என்றார்.
பிறகு உட்கார்ந்து எழுதினார்:
தலைப்பு மாற்றிச் செலவு.
தொகை முழுவதும்
சம்பந்தப்பட்ட பணியாளரிடம் வசூலிக்கத்தக்கது.

எழுதி முடித்தபோது
நிஜமாகவே கரண்ட் போயிற்று.
"சார்ஜ் போட்டுக்கலாமா?
பதினொரு சதவீதம்தான் இருக்கு."
பிரசவ அறைக்கு வெளியே ஒரு பிளக் உண்டு,
காட்டினேன்.

பதினெட்டுத் தவணை.
சம்பளப் பட்டியல் போடுவதும் நான்தான் என்பதால்
ஒவ்வொரு மாதமும் என் பெயருக்கு நேரே
இதர பிடித்தங்கள் என்று நானே எழுதுகிறேன்.
என் மனைவி எதுவும் கேட்கவில்லை.
ஒருநாள் மட்டும்
"அந்தப் பொண்ணுக்கு என்ன பேரு வெச்சாங்க?" என்றாள்.
தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமைகளில்
பேட்டரியின் ஆறு மூடிகளையும் திருகி எடுத்து
சுத்திகரித்த தண்ணீர் ஊற்றுகிறேன்.
ஐந்து லிட்டர் கேன், என் காசு.
அதற்குத் தலைப்பு தேடவில்லை.
மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது,
உத்திரகாவேரியில் இன்று ராத்திரி தண்ணீர் வரலாம்.
மூடிகளைக் கைக்கு இறுக்கிவிட்டு
போனைத் துடைத்துச் சட்டைப் பையில் போடுகிறேன்.