ஆறு கஜம்

கார்க்கானிஸ் சொல்வார், நான் தட்டுவேன்.
தாதரில், ஸ்டூடியோ லாண்டரிக்கு மேலே ஓர் அறை.
இந்தி வசனம், இங்கிலீஷ் எழுத்து,
மாட்டுங்காவிலிருந்து டிராமில் வந்த தமிழனின் விரல்.
அர்த்தம் தெரியாமலே
எத்தனை கதாநாயகிகளை அழவைத்திருக்கிறேன்!

அதற்கு முன் அவர் கோர்ட் நிருபர்.
மஜ்காவ் போலீஸ் கோர்ட்டில் கடைசி பெஞ்சு,
மழைக்காலத்தில் குடைகள் சொட்டும் மூலை.
பேப்பரில் அவருக்கு ஒதுக்கியது மூன்று அங்குலம்.
"யார், எங்கே, எத்தனை ரூபாய் அபராதம், அது போதும்.
ஏன் என்பதை ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்"
என்பாராம் ஆசிரியர்.
ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரைப் பந்தயம் வந்தது.

ஒரு ஜூலையில் காஷிபாய் கூண்டில் ஏறினாள்.
பரேல் மில், ஆறு கஜம் காடாத் துணி,
இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தவளைக் கேட்டில் பிடித்தார்கள்.
ஏன் எடுத்தாய் என்றார் மாஜிஸ்திரேட், கடிகாரத்தைப் பார்த்தபடி.
"சூடா இருந்துச்சு" என்றாள்.
உலர்த்தும் உருளையிலிருந்து அப்போதுதான் இறங்கிய துணி.
வீட்டில் பிள்ளை ஏதும் குளிரில் நடுங்கியதா?
அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.
பதினைந்து ரூபாய், கட்டாவிட்டால் ஒரு வாரம்.
அவள் வாரத்தை எடுத்துக்கொண்டாள்.

பேப்பரில் நான்கு வரி வந்தது.
துணி வந்தது, கஜம் வந்தது, சூடு வரவில்லை.

அதற்காகத்தான் சினிமாவுக்கு வந்தேன் என்று
அவர் ஒருநாளும் சொன்னதில்லை.
தங்கை கல்யாணக் கடன் என்பார், சம்பளம் மும்மடங்கு என்பார்.
தட்டுகிறவனுக்குத் தெரியாதா?

முதல் படத்தில் ஒரு விதவை அதைச் சொன்னாள்.
"ஹீரோயின் அம்மா திருடுவாளா?" என்றார் சேட். போயிற்று.
அடுத்ததில் அரண்மனைப் பணிப்பெண்;
அந்த இடத்தில் ஒரு பாட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.
மூன்றாவதில், மில் முதலாளிகள் மனம் நோகும் என்றது தணிக்கை.
நாலாவது எனக்கு மறந்துவிட்டது. அதிலும் வெட்டுத்தான்.
ஒவ்வொரு முறையும் மூன்று காப்பி, இரண்டு கார்பன்,
அதே வசனம்:
கரம் தா.

ஐந்தாவது படத்தில் தப்பித்தது.
ஜிலேபித் தட்டில் கைவைத்து மாட்டிக்கொண்ட நகைச்சுவைக்காரன்
விரலை ஊதிக்கொண்டே சொன்னான்: கரம் தா.
தியேட்டர் உருண்டது. முன்வரிசையில் விசில்.
அடுத்த வாரமே டிராமில் பையன்கள்
கண்டக்டரிடம் சொல்லிப் பார்த்தார்கள்.

அன்று நாங்கள் கடைசி வரிசை.
அவர் பழைய கோர்ட் நோட்டை எடுத்தார், இருட்டிலேயே எழுதினார்.
வெளியே வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன்:
"மாலை 6.40. சுமார் எண்ணூறு பேர். சிரித்தார்கள்."

மழை பிடித்துக்கொண்டது. டிராம் வரக் காணோம்.
ஏதாவது பேச வேண்டுமே என்று சொன்னேன்,
ஐயா, இந்தி தெரியாத நாளில்
எனக்கு அது தமிழாகத்தான் கேட்டது.
கோர்ட் காட்சி, ஏன் என்கிறார் மாஜிஸ்திரேட்,
அதற்கு அவள்
கையைக் கொடு என்கிறாள்.
இது என்ன பதில் என்று குழம்பிக்கொண்டே தட்டினேன்.

திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.
சிகரெட் நனைந்து அணைந்ததை அவர் கவனிக்கவில்லை.
டிராம் வந்தது. எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்;
அதுவரை எடுத்ததில்லை, அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை புதுக் கதை. முதல் காட்சி, கோர்ட்.
கூண்டில் ஒரு பெண். ஏன் எடுத்தாய் என்கிறார் மாஜிஸ்திரேட்.
பதிலுக்காக விரலைத் தூக்கிக் காத்திருந்தேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:
"நான்கு வரி இடம் விடு."

நெம்புகோலை நான்கு தரம் தள்ளினேன்.
கீழே லாண்டரியில்
ராஜா ராணி உடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.
பலகை இடுக்கில் ஆவி ஏறி வந்தது.