பட்டாணி அடைத்த காலுறை

லென்ஸைக் கழற்ற முடியாது இதில்.
பெரிய கேமராவும் இல்லை, சட்டைப்பை கேமராவும் இல்லை,
இரண்டுக்கும் நடுவில் எதற்கோ பிறந்தது.
வோர்கும் ஊர்ச் சதுக்கத்தில், பழைய சாமான் கடையில்
பிடி ரப்பர் உரிந்து கிடந்தது.
எழுபது யூரோ. பேரம் பேசியிருக்கலாம்.

பால் லாரி ஓட்டுகிறேன்.
விடிகாலை நாலுக்கு முதல் பண்ணை, ஒன்பதுக்குள் பதினொன்று.
பக்கத்து இருக்கையில் கேமராப் பை, ப்ளாஸ்க், ஆப்பிள்கள்.
இரண்டுக்கும் சேர்த்து சீட் பெல்ட் போட்டுவிடுவேன்.
போடாவிட்டால் யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்து
லாரி கத்தும்.

டௌவேயின் பண்ணைக்குப் போகும் வளைவில்
எஞ்சினை அணைத்தால்
ஏழு நிமிடம் என்னுடையது.
ஜன்னல் விளிம்பில் பட்டாணி அடைத்த காலுறை,
அதன் மேல் கேமராவைப் படுக்கவைப்பேன்.
ஜோடியில் மற்றது எப்போதோ தொலைந்தது.

கால்வாய்க் கரையில் சீப்ரன் நிற்பான், முக்காலியோடு.
பால் கேன் பருமன் அவன் லென்ஸ்.
"பொம்மை சௌக்கியமா?" என்பான்.
கெட்டவனில்லை.
மழை வந்தால் தன் கோட்டைக் கழற்றி
லென்ஸுக்குப் போர்த்திவிட்டு நனைபவன்.

அவன் சொல்வதும் சரிதான்.
உள்ளே இருக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிசு.
மேகம் மூடினால் படம் முழுக்க ரவை கொட்டிய மாதிரி.
கண்ணை வைக்கும் துளைக்குள் பறவை நின்றுகொண்டே இருக்கும்,
தலை நிமிர்ந்தால் வயல் காலி.
போய்விட்டதை அரை நொடி தாமதமாகச் சொல்லும் கருவி.
விவாகரத்தின்போது நானும் இப்படித்தான் இருந்தேன்.

மே மாதம். புல் அறுப்பு.
தன் பெயரைத் தானே கூவும் க்ரூட்டோ
வேலிக் கம்பத்தில், ஒற்றைக் காலில்.
நீள அலகு, செங்கல் நிறக் கழுத்து,
ஊன்றிய காலில் வளையங்கள்.
ஜூமை இழுத்தேன், அறுபது மடங்கு.
நத்தைக் கொம்பு மாதிரி
நீண்டுகொண்டே போனது லென்ஸ்.
ஈரப் புல்லிலிருந்து ஆவி எழுந்து
பறவை தண்ணீருக்கடியில் நிற்பதுபோல் நெளிந்தது.

மற்ற காலை இறக்கு.
இறக்கேன்.

ஏழு நிமிடம். பத்து. பதினைந்து.
டௌவே போன் அடித்தான்:
"யிட்ஸ்கே, பால் எடுக்க வருகிறாயா,
இல்லை, தயிராகட்டுமா?"

இறக்கியது.

நாற்பது படம். முப்பத்தேழு குப்பை.
மிஞ்சியதில்
ஒன்றில் இடது காலின் நீலம்,
ஒன்றில் வலது காலில் மஞ்சளும் சிவப்புக் கொடியும்,
மூன்றாவதில் வெள்ளை வளையம்,
அல்லது வெயில் பட்ட கால்.
சமையலறை மேசையில் மூன்றையும் சேர்த்து
ஒரு பறவையைத் தைத்தேன்.
அன்று அவன் லென்ஸுக்கு அந்தத் தூரம் எட்டவில்லை.
சீப்ரன் குனிந்து வெகு நேரம் பார்த்தான்.
"வெள்ளைதான்," என்றான்.
பொம்மை பற்றிப் பேச்சே இல்லை.

வளையக் கணக்கு வைப்பவர்களுக்கு எழுதினேன்.
பதினெட்டு நாள் கழித்துப் பதில்.
ஆறு வருடம் முன்பு, டௌவேயின் பக்கத்து வயலில்
குஞ்சாக இருந்தபோது மாட்டிய வளையம்.
அதற்குப் பின் ஒரே ஒரு முறை கண்ணில் பட்டது:
டிசம்பர், செனகல், கசமான்ஸில் ஒரு நெல்வயல்.
பார்த்தவர் பெயர் அன்சுமானா.
அவர் எடுத்த படத்தையும் இணைத்திருந்தார்கள்.

திறந்தேன்.
தாள்களுக்கு நடுவே சாம்பலாய் ஒரு கறை,
அலகு பாதியில் வெட்டுப்பட்டு,
படம் முழுக்க ரவை,
என் வீட்டு ரவையேதான்.
வாய்விட்டுச் சிரித்தேன், தனியாக, லாரிக்குள்.
அவரும் எதன் மேலோ கையை ஊன்றியிருப்பார்.
சைக்கிள் சீட்? வரப்பு? நெல் அடைத்த காலுறை?
வெள்ளை வளையம் மட்டும்
அவர் படத்தில் பளிச்.

மறுநாள் அதே வளைவில் எஞ்சினை அணைத்தேன்.
கம்பத்தில் யாருமில்லை.
இருந்தாலும் ஒன்று எடுத்தேன்,
பேட்டரி சிவப்பில் துடிக்கத் துடிக்க.
பிறகுதான் கவனித்தேன்,
வயல் முழுக்க அறுத்தாகிவிட்டது.
கம்பத்தடியில் மட்டும்
ஒரு அறை அளவுக்குப் புல்லை
விட்டுவைத்திருந்தான் டௌவே.